டிரமடால் வலி மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடவு முடிந்த வாரத்தில் எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் படியேறுவார்கள். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், ரோட்டோரக் கடை. 22 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். "டாக்டர் ஏதோ பவர் மாத்திரை எழுதியிருக்கார் தம்பி, போடலாமா?" என்று சீட்டை நீட்டுவார்கள். பிரித்துப் பார்த்தால் பல நேரம் டிரமடால். கூட்டத்தில் நின்று கேட்கும்போது முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைப் பார்த்த டாக்டரின் வேலை. அவரிடம் என்ன கேட்க வேண்டும், எதை மறைக்கக்கூடாது என்பதற்கு இது உதவும்.

டிரமடால் என்றால் என்ன? என் மாத்திரையில் அது இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து. நம் அடுப்படியில் இருக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் பச்சைக்காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து எடுப்பது மார்ஃபின். டிரமடாலைச் செடியிலிருந்து எடுப்பதில்லை. ஜெர்மனியில் 1962-ல் ஆய்வகத்தில் உருவாக்கி, 1977-ல் விற்பனைக்கு விட்டார்கள். ஆனாலும் மூளையில் அபின் போய் உட்காரும் அதே இடத்தில்தான் இதுவும் உட்காருகிறது. அதோடு நிற்காமல் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களையும் மூளையில் கூட்டிவிடும். இந்த இரண்டாவது வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வலிப்பு பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

அட்டையைத் திருப்பி, மாத்திரையின் பெரிய பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை போதும். கேப்சூல் என்றால் பெரும்பாலும் 50 மில்லிகிராம். பாராசிட்டமாலோடு சேர்த்தும் வரும். அல்ட்ராசெட் என்று சீட்டில் இருந்தால் 37.5 மில்லிகிராம் டிரமடாலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்தது.

டைக்ளோஃபெனாக் மாதிரி சாதாரண வலி மாத்திரைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் எல்லாம் வீங்கிய இடத்தில் வேலை செய்கிறவை. வீக்கத்தைக் குறைத்து வலியைக் குறைக்கும். வயிற்றுப் புண்ணும் கிட்னியும்தான் அவற்றில் கவலை. டிரமடால் வீக்கத்தைத் தொடாது. வலி என்று மூளைக்குப் போகும் சேதியைத்தான் அமுக்கும். அதனால்தான் வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கும், டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாதவர்களுக்கும் டாக்டர்கள் சில சமயம் இதை எழுதுகிறார்கள். எலும்பு முறிவு, ஆபரேஷன் வலி இவற்றுக்குச் சில நாள் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. தினமும் குனிந்து களை பறிப்பதால் வரும் இடுப்பு வலிக்கு மாசக்கணக்கில் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வலிக்கு ஓய்வும் உடற்பயிற்சியும் கொடுக்கும் பலனை இந்த மாத்திரை கொடுக்காது. அரசாங்கம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லித் தரும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

முதல் மாத்திரை போட்டதுமே வயிற்றைப் பிரட்டி, தலை சுற்றுகிறது. ஒத்துக்கொள்ளவில்லையா?

ரொம்பப் பேருக்கு இது வரும். குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கக் கலக்கம், வாய் உலர்வது, வேர்த்துக் கொட்டுவது, லேசான அரிப்பு. பல பேருக்குச் சில நாளில் அடங்கிவிடும். சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையலாம். படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் கிறுகிறுப்பு குறையும். வயசானவர்கள் இருக்கும் வீட்டில், ராத்திரி கொல்லைக்குப் போகும்போது யாராவது கூடப் போங்கள். இடுப்பு வலிக்கு மாத்திரை போட்டு, விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்கள் உண்டு.

உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது என்று வந்தால் அது அலர்ஜி. உடனே ஆஸ்பத்திரி.

மலச்சிக்கல்?

இதைக் கேட்கவே எல்லோரும் வெட்கப்படுகிறார்கள், அதனால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். குமட்டலும் தூக்கமும் நாள்பட அடங்கிவிடும். மலச்சிக்கல் அப்படி அடங்காது, மருந்து போடும் நாளெல்லாம் கூடவே இருக்கும். குடலின் அசைவையே இது மந்தமாக்கிவிடுகிறது. தண்ணீர், கீரை, வாழைத்தண்டு எல்லாம் நல்லதுதான், ஆனால் பல பேருக்கு அது மட்டும் போதாது. ஒரு வாரத்துக்கு மேல் எழுதியிருந்தால், கூடவே மலமிளக்கியும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு நாளாகப் போகவில்லை, வயிறு உப்பிவிட்டது, வாந்தியும் வருகிறது என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள்.

ஒரு மாத்திரைக்கு வலி கேட்கவில்லை. இன்னொன்று போடலாமா?

போட்ட ஒரு மணி நேரத்தில்தான் வேலை செய்யத் தொடங்கும், முழு வேகம் வர ரெண்டு மணி நேரம் ஆகும். இருபது நிமிடத்தில் "கேக்கல" என்று இரண்டாவதைப் போட்டால், ரெண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் அமுக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 300. இது எல்லைக்கோடுதானே தவிர, எல்லோரும் போட வேண்டிய அளவு இல்லை. உங்கள் அளவு சீட்டில் உள்ள அளவு.

அப்புறம் ஒரு விஷயம். டிரமடால் கல்லீரலுக்குப் போய், அங்கே இருக்கும் ஒரு என்சைம் அதை மாற்றிய பிறகுதான் முழு வலு பெறுகிறது. அந்த என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே மந்தம், அவர்களுக்கு வலி சரியாகக் கேட்காது. சிலருக்கு ரொம்ப வேகம், ஒரே மாத்திரையில் சுருண்டு படுத்துவிடுவார்கள். "அவளுக்கு நல்லா கேட்டுச்சு, எனக்கும் கேட்கும்" என்று பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரை என்றால், காய்ச்சலுக்கு என்று தனியாகப் பாராசிட்டமாலும் போட்டுக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 12 மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதும் எஸ்.ஆர். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

ஃபிட்ஸ் வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மற்ற அபின் வகை மருந்துகளைவிட டிரமடாலில் வலிப்புப் பயம் அதிகம். அளவு கூடும்போது வரும். ஏற்கெனவே வலிப்பு உள்ளவர்கள், தலையில் பலமாக அடிபட்டவர்கள், குடியை அப்போதுதான் திடீரென்று நிறுத்தியவர்கள், இவர்களுக்குச் சரியான அளவிலேயே வரலாம்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். எஸ்சிடாலோபிராம், ஃப்ளுவாக்ஸெடின், டுலாக்ஸெடின் போன்றவையும் செரட்டோனினைக் கூட்டுகிறவை. டிரமடாலும் அதையே செய்கிறது. ரெண்டும் சேர்ந்தால் கைகால் நடுக்கம், காய்ச்சல், படபடப்பு, வயிற்றுப்போக்கு, தசை இறுக்கம், குழப்பம் என்று ஆபத்தாகிவிடலாம். லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கோடும் இதே சிக்கல் உண்டு. மனநல மாத்திரை சாப்பிடுவதை எலும்பு டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். வாயால் சொல்ல வேண்டாம், அந்த அட்டையை மட்டும் எடுத்து மேசையில் வையுங்கள், போதும். அதற்காக மனநல மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

ராத்திரி கொஞ்சம் குடிப்பார், தூக்க மாத்திரையும் உண்டு. இதையும் சேர்த்துப் போடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான்.

என் சித்தப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீடு வந்தார். வலிக்கு டிரமடால் ஒரு டாக்டர் எழுதியது. தூக்கத்துக்கு அல்பிரசோலம் ஒன்றரை வருடம் முன்பு வேறொருவர் எழுதியது. அவருக்கு இது தெரியாது, இவருக்கு அது தெரியாது. நாலாவது நாள், வலி தாங்கவில்லை என்று ஒரு குவார்ட்டரும் போட்டுவிட்டார். சித்திக்கு நிம்மதி, பல நாளுக்கப்புறம் மனுஷன் குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்று. தம்பிதான் சந்தேகப்பட்டு எனக்கு போன் அடித்தான். குறட்டை விட்டு விட்டு வருகிறது, நடுவில் சத்தமே இல்லை என்றான். "நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணச் சொல்லு" என்றேன். போனில் சித்தியின் குரல் கேட்டது. ஒண்ணு. அப்புறம் மின்விசிறிச் சத்தம் மட்டும். ரெண்டு. மறுபடியும் மின்விசிறி. அந்த ஒரு நிமிடத்தில் ஆறு வரைதான் எண்ணினார். பெரியவர்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. 108 வந்து, தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை வண்டியிலேயே ஆக்சிஜன் கொடுத்தார்கள். பிழைத்துவிட்டார்.

மூளையில் மூச்சை நடத்துகிற இடத்தை டிரமடால் மந்தமாக்கும். சாராயமும் அதையே செய்யும், அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகளும் அதையே செய்யும். தனித்தனியே போட்டிருந்தால் தாங்கியிருக்கும் உடம்பு, மூன்றும் ஒன்று சேரும்போது மூச்சு விடுவதையே மறந்துவிடுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் இந்தச் சேர்க்கைக்கென்றே தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அட்டைகளில் போட வைத்தது. சளிக்குக் கொடுக்கும் கோடீன் டானிக், தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரை, நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், கபாபென்டின் இவையும் மயக்கத்தைக் கூட்டும். குடியை விட முடியாதவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று மறைப்பதைவிடத் திட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

ஆபத்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உடனே என்ன செய்வது?

தட்டி எழுப்பினாலும் எழவில்லை. மூச்சு மெதுவாக, விட்டு விட்டு வருகிறது. தொண்டையில் கொரகொரவென்று சத்தம். உதடும் நகமும் நீலம் பாய்கிறது. கண் பாவை குண்டூசி முனை மாதிரி சுருங்கியிருக்கிறது. இதில் ஒன்றிரண்டு இருந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போகாது. மோரோ, எலுமிச்சைச் சாறோ, காபியோ வாயில் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரியில் நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து இருக்கும். டிரமடாலுக்கு அது ஓரளவுதான் கேட்கும் என்பதால் எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்று சொல்வது ரொம்ப முக்கியம். அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

நம் பகுதிக்காக இரண்டு விஷயம் சேர்க்கிறேன். வயலில் பூச்சி மருந்து அடித்து வந்தவருக்கும் கண் பாவை சுருங்கும், மூச்சு திணறும். கூடவே வாயில் எச்சில் ஒழுகும், வேர்வை ஊற்றும். அதற்கான சிகிச்சையே வேறு. "இன்றைக்கு மருந்து அடிக்கப் போனார்" என்பதை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். இன்னொன்று கட்டுவிரியன். தரையில் படுத்தவரைக் கடித்தால் பல நேரம் வலியே இருக்காது, கடித்த தடமும் தெரியாது. விடிகாலையில் இமை தூக்க முடியாமல், பேச்சு குழறிக் கிடப்பார். "மாத்திரை மயக்கம், தூங்கட்டும்" என்று விட்டுவிடக் கூடாது.

சர்க்கரை, கிட்னி, புரோஸ்டேட் உள்ளவர்கள்?

டிரமடால் சிலருக்குச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர்கள், கைநடுக்கமும் வேர்வையும் வந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். கிட்னி பழுதானவர்களுக்கு மருந்து உடம்பிலேயே தேங்கும், அளவையும் இடைவெளியையும் டாக்டர் மாற்றித் தர வேண்டும். புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். ஆஸ்துமா முற்றியவர்களும், தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு உள்ளவர்களும் இதைப் பக்கத்தில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், குழந்தைகள்?

12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. பால் கொடுக்கும் தாய்க்கும் வேண்டாம். மருந்து பாலில் இறங்கி, குழந்தை பால் குடிக்கக்கூட விழிக்காமல் தூங்கும், மூச்சும் மந்தமாகலாம். கர்ப்பத்தில் தொடர்ந்து போட்டால் பிறந்த குழந்தைக்கு மருந்து நின்றுபோன அவஸ்தை வரும், ஓயாமல் அழும், நடுங்கும்.

தொடர்ந்து போட்டால் பழகிவிடுமா?

பழகும். ஒரு அக்கா, 50 வயதிருக்கும், நடவுக்குழுவில் மூத்தவர். முதலில் டாக்டர் சீட்டோடு வந்தார், பத்து மாத்திரை. பிறகு எங்கெங்கோ வாங்கியிருக்கிறார். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, கொண்டையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போகும் வழியில் கடைமுன் நின்றார். சீட்டு இல்லாமல் தர முடியாது என்றேன். "இப்பல்லாம் வலி இல்ல தம்பி. ஆனா அதப் போடலன்னா உடம்பு எந்திரிக்க மாட்டேங்குது" என்றார். 22 வருடத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு இந்த நோயை விளக்கியதில்லை.

உடம்பு பழகுவது வேறு, அடிமையாவது வேறு. சில வாரம் தொடர்ந்து போட்ட யாருக்கும் உடம்பு பழகும், அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. வலி இல்லாத நாளிலும் தேடுவது, எண்ணிக்கை தானாகக் கூடுவது, வீட்டுக்குத் தெரியாமல் ஒளிப்பது, கடைக்குக் கடை அலைவது, இதெல்லாம் வந்தால் அது நோயாகிவிட்டது. நோய் என்றுதான் சொல்கிறேன், கெட்ட பழக்கம் என்று சொல்லவில்லை. அதற்குச் சிகிச்சை உண்டு. அந்த அக்காவை அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அனுப்பினேன். அளவை மெல்ல மெல்லக் குறைத்துப் பல வாரத்தில் நிறுத்தினார்கள். மத்திய அரசின் போதை மீட்பு எண் 14446, மனநல ஆலோசனை எண் 14416. ரெண்டுக்கும் காசு கிடையாது.

நிறுத்த வேண்டும் என்றால் இன்றைக்கே நிறுத்திவிடலாமா?

மூன்று நாலு நாள் போட்டவர் நிறுத்தலாம். வாரக்கணக்கில் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், தூக்கமின்மை, மனப்பதற்றம் என்று வாட்டியெடுக்கும். ஒன்றிரண்டு நாளில் ஆரம்பித்து ஒரு வாரம் போல இருக்கும். தாங்க முடியாமல் மறுபடி மாத்திரைக்கே போய்விடுவார்கள். டாக்டர் சொல்லும் கணக்கில் இறங்குங்கள்.

டாக்டர் சீட்டு இல்லாமல் ஏன் தர மாட்டேன் என்கிறீர்கள்? பத்து வருடம் முன்பு கொடுத்தார்களே?

அப்போது கொடுத்ததும் தப்புதான். அட்டவணை எச்1 என்று 2013-ல் தனிப்பட்டியல் போட்டார்கள், அது 2014 மார்ச்சிலிருந்து அமலில் இருக்கிறது. டிரமடால் அதில் உண்டு. யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் டிரமடாலைக் கொண்டுவந்தார்கள். சீட்டில்லாமல் கொடுத்தால் கடைக்காரர் மேல் வழக்கு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சீட்டைப் பார்த்தால்தான் நீங்கள் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

அப்பாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு படித்தபின் பயமாக இருக்கிறது, கொடுக்கலாமா?

கொடுங்கள். மேலே எழுதிய பயமெல்லாம் தேவையில்லாத இடத்தில் போடுவது பற்றி. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் தேவையான மருந்து. டாக்டர் பார்வையில் சரியான அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. மார்ஃபின் எழுதிவிட்டார்கள் என்றால் கடைசிக் கட்டம் என்று அர்த்தமும் இல்லை, வலி அதிகம் என்றுதான் அர்த்தம். வலி வந்தபின் கொடுக்காமல், சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். சாதாரண மாத்திரை என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. மலமிளக்கி முதல் நாளிலிருந்தே வேண்டும். சட்டப்படி அபின் பயிரிடும் நாடு நம்முடையது, அப்படியிருந்தும் இங்கே எத்தனையோ பேர் மார்ஃபின் கிடைக்காமல் துடித்தார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகள் இதை வைத்திருப்பது எளிதானது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கு வருவார், கேளுங்கள்.

மாத்திரை போட்டுவிட்டு வண்டி ஓட்டலாமா?

முதல் சில நாளும், அளவு கூட்டிய நாளும் வேண்டாம். டிராக்டர், அறுவடை இயந்திரம், மோட்டார் பம்புசெட் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாய்க்கால் கரை மதகில் ஒற்றை ஆளாக நின்று தண்ணீர் திருப்புவதும் அதே கணக்குதான்.

பையன்கள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிறார்களாமே?

டெபென்டடால் என்ற, இதே குடும்பத்து மாத்திரையை அப்படிச் செய்கிறார்கள். மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை, சுண்ணம் போல ஒட்டுப்பொருளும் இருக்கிறது. அது ரத்தக்குழாயை அடைக்கும். கை சீழ் பிடிக்கும், ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் தொற்றும். வெயில் நாளிலும் முழுக்கைச் சட்டை, கையில் தழும்பு, குளியலறையில் சிரிஞ்ச் என்று கண்டால் அடிக்காதீர்கள். மேலே கொடுத்த எண்ணுக்குப் பேசுங்கள்.

மிச்ச மாத்திரையை என்ன செய்வது?

சாமி மாடத்திலும் டிவி பெட்டி மேலும் வைக்காதீர்கள், பேரப்பிள்ளைகள் எடுத்துவிடும். சாப்பிடும் காலத்தில் பூட்டு போட்ட பெட்டியில் வைத்து, வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தேவை முடிந்ததும் மிச்சத்தைக் கடையில் கொண்டுவந்து கேளுங்கள். முடியாவிட்டால் அட்டையிலிருந்து பிரித்து, காபித்தூள் சக்கையிலோ ஈர மண்ணிலோ பிசைந்து, ஒரு கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். வாய்க்காலில் வீச வேண்டாம், அதே தண்ணீரில்தான் மாடு குடிக்கிறது.